கார் நொண்டிய இடங்கள்

சென்னியப்பனின் கார் பொய்யைக் கேட்டால் ஓடாது என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு வேறு எவ்வளவோ மிச்சம் இருக்கிறது.

நான் எடை அளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈரோடு மஞ்சள் மண்டிக்குள் என் நிழல் விழுந்தால் போதும், தராசுகள் தாமாகவே நேராகிவிடும். வேலையில் ஒரு குன்றிமணி குறைய விட்டதில்லை. அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, பேச்சில் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். திம்பம் மலைப்பாதையில் என் ஜீப்பை மறித்த யானை, முத்திரைப் பெட்டியைப் பார்த்ததும் தன்னைத்தான் எடை போட வந்திருக்கிறேன் என்று பயந்து வயிற்றை எக்கிக்கொண்டு ஒதுங்கிய கதையை ஈரோட்டில் கேட்காதவர் கிடையாது. கேட்காதவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

சென்னியப்பன் என் தங்கை துளசிமணியின் வீட்டுக்காரர். சென்னிமலையில் போர்வைக் கடை. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு, வாடிக்கையாளரிடம் 'சாயம் போகாது' என்று சொல்வதாக இருக்கும். ஊர் முழுக்க மின்சாரக் காருக்கு மாறிவிட்ட பிறகும் அவர் பெட்ரோல் காரை விடவில்லை. இந்தக் காலத்தில் பெட்ரோல் கார் ஓட்டுவது பஸ்ஸுக்குள் சுருட்டுப் பிடிப்பது மாதிரி. யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

பெட்ரோல் காருக்கு அரசாங்கம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. ஒன்று, மிதிப்பெட்டி. ஆக்சிலரேட்டருக்கு அடியில் மயிரிழை நடுக்கத்தைக்கூட உணரும் சென்சார் இருக்கும். அது சொல்வதைக் கேட்டு, இன்னார் கால் இப்படித்தான் மிதிக்கும் என்று பெட்டி ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும். அதற்குத் தக்கபடி எண்ணெயை அளந்து விடும். கற்றதற்கு மாறாகக் கால் ஏதாவது செய்தால், 'சென்சார் கெட்டுவிட்டது' என்று தானே முடிவுகட்டி, ஆபத்து வேண்டாமென்று என்ஜினை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கிவிடும். மெக்கானிக்குகள் அதற்கு நொண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது நிபந்தனைதான் மானத்தை வாங்குவது. நொண்டும்போது காரின் பின்னால் மஞ்சள் பலகை ஒன்று எரியும். 'பழுது' என்று அரை மைல் தூரத்துக்குத் தெரியும்.

சென்னியப்பனின் கார் முதலில் நொண்டியது பெருந்துறை ரோட்டில். ஒரு பால்குட ஊர்வலம் எங்களை முந்தியது. அதில் சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஆடிக்கொண்டே முந்தினார். போகிற போக்கில் பின்பலகையைப் படித்துவிட்டு எங்களுக்கு விபூதி வேறு எறிந்தார்.

வண்டி மெக்கானிக் அப்சலிடம் போனது. அப்சல், 'இங்கே வந்து தோற்ற வண்டி இல்லை' என்று கடை வாசலில் பலகை மாட்டியிருக்கும் ஆள். சென்சாரை மாற்றினார். நொண்டியது. மறுபடி மாற்றினார். மறுபடி நொண்டியது. மூன்றாவது சென்சாருக்குப் பிறகு வாசல் பலகையின் மேல் ஒரு தார்ப்பாய் தொங்கியது. மழைக்காக என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"சென்சார் மேல தப்பில்லீங்க," என்றார். "மிதிக்குள்ள ரெண்டு இருக்குது. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு சரிபாக்கும். ரெண்டும் ஒரே பேச்சாத்தான் பேசுது. வயரை ஆட்டிப் பாத்தாச்சு, பிளக்குல தண்ணி எறங்கியிருக்கான்னு பாத்தாச்சு, மிதியடி சிக்குதான்னு அதையும் தூக்கிப் போட்டாச்சு. நான் ஓட்டுனா குதிரை. அக்கா ஓட்டுனா குதிரை. இவரு ஒக்காந்தா மட்டும் கழுதை."

சென்னியப்பன் தன் காலைப் பார்த்தார். "அப்ப கோளாறு என்ற கால்லீங்களா?"

"பெட்டி அப்படித்தான் நெனைக்குது."

நரம்பு டாக்டரிடமும் காட்டினோம். கால் நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததை மிதிப்பெட்டி படிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் எல்லோருமாகக் காரில் ஏறிச் சோதித்தோம். சென்னியப்பன் ஓட்ட, பக்கத்தில் அப்சல், மடியில் கோடுகள் ஓடும் திரை. பின்னால் நானும் துளசியும். யானைக் கதையை ஆரம்பித்தேன். கார் பட்டுப்போல ஓடியது. யானை வயிற்றை எக்கியபோதும் ஓடியது. எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

"காத்தால மாத்திரை போட்டீங்களா?" என்று துளசி சும்மா கேட்டாள். சென்னியப்பனுக்கு ரத்த அழுத்தம்.

"போட்டேனே."

கார் நொண்டியது.

அப்சல் கதவைத் திறந்து இறங்கப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்குள் ஒரு பொறி. பெரிய மனிதர்களுக்கெல்லாம் குளிக்கும்போது வருமாம், எனக்குப் பின்சீட்டில் வந்தது.

"மாப்ள, மாத்திரை போட்டீங்களா இல்லியா?"

"மறந்துட்டேன் மச்சான்."

கார் எழுந்து ஓடியது.

"சரி. உங்கம்மா வெச்ச கொள்ளுப்பருப்பு ருசியா, என்ற தங்கச்சி வெக்கறது ருசியா?"

அவர் கண்ணாடியில் துளசியைப் பார்த்தார். "துளசி வெக்கறதுதான்."

நொண்டி. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார். நான் சிரித்த சிரிப்பில் காரின் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்கும். துளசியும் சிரித்துவிட்டாள். "கெடக்குது போங்க. கல்யாணமான மறுநாளே தெரிஞ்சதுதான்."

அப்சல் திரையைக் காட்டினார். "பாருங்க, இந்த ரெண்டு எடத்துலயும் பெருவிரல் சுருளுது. செருப்புக்குள்ள நடக்கறது அவருக்கே தெரியாது. சென்சாருக்குத் தெரியுது. அது ஒழுங்கா வேலை செய்யறதைத்தான் பெட்டி கோளாறுன்னு எடுத்துக்குது."

"அப்ப நானு? இவருக்குக் கண்ணுல புரை எடுத்தப்ப ஒரு மாசம் நான்தான ஓட்டுனேன்? என்ற காலும் பெட்டிக்குப் பாடம்தான? வாய மூடுனதே இல்லியே. ஒரு நாளாச்சும் நொண்டுச்சா?" என்றேன்.

அப்சல் யோசித்தார். "நீங்க சொல்றதை யாராச்சும் நம்பணும்னா நீங்க சொல்றீங்க? நம்பலீன்னா உங்களுக்கு என்ன நட்டம்? கால் எதுக்குப் பதறோணும்?"

இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், பெருவிரலைக் கண்டுகொள்ளாது என்றார் அப்சல். "இப்பவே பண்ணிருங்க," என்றார் சென்னியப்பன், அவருடைய வழக்கத்துக்கு மிஞ்சிய அவசரத்தோடு.

"அட, ஆடி நோம்பி போகட்டும் மாப்ள. சொந்தபந்தத்துக்குக் காட்ட வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை அது. நான் தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்த்துப் பழகாதவன். அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் மிருதுளாவைச் சொல்ல வேண்டும். சென்னியப்பனுக்கும் துளசிக்கும் ஒரே மகள். நான் தாய்மாமன். போன வருஷம் கரூரில் கட்டிக்கொடுத்தபோது நான் கொண்டுபோன சீர்த்தட்டுகளின் வரிசை, தலை மண்டபத்தில் இருக்க வால் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தது. சித்திரையில் அவளைப் பார்க்கப் போய் வந்தேன். அப்படி ஒரு விருந்து. பாயசம் எடுக்கப் பரிசல் தேவைப்பட்டது. மாப்பிள்ளை தருண் எழுந்து நின்று, 'இன்னும் கொஞ்சம் மாமா' என்று உபசரித்தார். மிருது மட்டும் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பரிமாறினாள். 'ஏசி குளிருதுங்க மாமா' என்றாள். அடுப்படியில் ஏசி இல்லை. அதை விடுங்கள், அந்தப் பாயசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி முதல் நாள். காவிரிக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். சாவியை என்னிடம் நீட்டி, "நீங்க ஓட்டுங்க மச்சான்," என்றார் சென்னியப்பன்.

"நீங்க ஓட்டுனாத்தான மாப்ள வேடிக்கை," என்றேன்.

கருங்கல்பாளையம் பாலத்தில் ஏறினோம். கீழே தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கரையில் தேங்காய் சுடுகிற புகை. வெல்லமும் பாசிப்பருப்பும் ஓட்டுக்குள் வேகிற வாசம் பாலம் வரைக்கும் வந்தது.

"மிருதுவுக்கு இதுன்னா உசிரு," என்றாள் துளசி. "ஏனுங்க, அவ எதுக்கு வரலீன்னா?"

"மருமகனுக்கு லீவு இல்லியாமா."

கார் நொண்டியது.

முதலில் சிரித்தது நான்தான். மறைக்கவில்லை. கையைத் தட்டிச் சிரித்தேன். "ஆகா, அகப்பட்டாரு பாரு" என்றுகூடச் சொன்னேன். பிறகுதான் துளசியின் கை என் கையை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

"லீவு இருக்குதா அவருக்கு?"

சென்னியப்பன் பேசவில்லை. பேசாவிட்டால் கார் ஓடும். ஓடியது.

"நல்லாத்தான இருக்கறா அவ?"

"ம்."

"ம்னா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கறா."

பாலத்தின் நடுவில் கார் ஏறக்குறைய நின்றேவிட்டது. பின்னால் மஞ்சள் பலகை எரிவது பக்கத்துச் சுவரில் தெரிந்தது. ஹாரன் மேல் ஹாரன். ஒரு பஸ் எங்களை ஒட்டி ஊர்ந்தது. ஜன்னல்தோறும் ஒரு தலை. பலகையைப் படித்துவிட்டு எங்கள் முகங்களைப் படித்தார்கள். எனக்கு அந்தக் கணம் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்திருப்பேன்.

"ஓரமா நிறுத்தட்டுமா?" என்றார் சென்னியப்பன்.

"வேண்டாம்," என்றாள் துளசி. "ஓட்டிட்டே சொல்லுங்க."

அவர் சொன்னார். சாலையைப் பார்த்துக்கொண்டே, சாயம் போகாது என்று சொல்கிற அதே குரலில். "கை நீட்டறானாமா. கல்யாணமாகி ரெண்டாம் மாசத்துலருந்து." கார் கொஞ்சம் வேகம் பிடித்தது. "கடைக்குப் போன் பண்ணுனா. வந்து கூட்டிட்டுப் போங்கப்பான்னா." இன்னும் கொஞ்சம். "பொறுத்துப் போ கண்ணு, தீவாளிக்கு வந்து பேசறேன்னேன். ஊருல தலை நிமுந்து நடக்கோணுமேன்னேன். அம்மாகிட்டச் சொல்லீராதேன்னேன்." அவர் சொல்லச் சொல்ல என்ஜின் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில், "அவ சரிங்கப்பான்னுட்டு வெச்சுட்டா," என்றபோது கார் புத்தம்புதிதாக ஓடியது. அவ்வளவு அருமையாக அந்தக் கார் ஓடி நான் பார்த்ததே இல்லை. யாராவது அதை அணைத்துத் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது.

பாலம் முடிந்ததும் துளசி இறங்கி முன்பக்கம் வந்தாள். "தள்ளுங்க," என்றாள். அவர் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். காரைத் திருப்பிக் கரூர் சாலையைப் பிடித்தாள். கொடுமுடி தாண்டிக் கரூர் போய்ச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளை தருண் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குச்சியோடு எழுந்து, "வாங்க மாமா, வாங்கத்தை," என்றார். நல்ல சிரித்த முகம். சித்திரையில் எனக்குப் பாயசம் ஊற்றிய அதே முகம். துளசி அவரைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மிருதுவின் கை இருந்தது. மிருதுவின் மற்றொரு கையில் ஒரு பை.

சம்பந்தியம்மா பின்னாலேயே வந்தார். "நோம்பிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. அக்கம்பக்கம் என்ன நெனைக்கும்?"

"கூட்டிட்டுப் போறமுங்க," என்றாள் துளசி. "நோம்பிக்கில்லீங்க."

குச்சியில் தேங்காய் கருகிக்கொண்டிருந்தது. தருணின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல். நான் தாய்மாமன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஈரோட்டில் யாரைக் கேட்டாலும் எனக்கு வாய் நீளம் என்பார்கள். போய்க் காரில் ஏறிக்கொண்டேன்.

திரும்பும்போது துளசிதான் ஓட்டினாள். பக்கத்தில் சென்னியப்பன், பின்னால் நானும் மிருதுவும். சென்னியப்பன் ஒரு முறை பாதி திரும்பி, "கண்ணு..." என்றார். மிருது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டைதான். ஆடிக்காற்றில் அது பொருத்தமாகவே இருந்தது.

ஊஞ்சலூர் தாண்டியபோது கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அம்மா, உனக்கு நெசமாலுமே தெரியாதா?"

"தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது."

கார் நொண்டியது.

அவள் கால் பெட்டிக்கு நன்றாகப் பழகியதுதான், ஆனாலும் துளசி ஓட்டி அந்தக் கார் நொண்டியதே இல்லை. 'அக்கா ஓட்டுனா குதிரை' என்று அப்சல் சொன்னது அவள் அதுவரைக்கும் அந்த மிதியின் மேல் காலை வைத்துப் பொய் சொன்னதில்லை என்பதால்தான். வாழைத்தோட்டத்தை ஒட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"போன்ல மூக்கை உறிஞ்சுவே நீ," என்றாள், யாரையும் பார்க்காமல். "சளின்னு சொல்லுவே. சின்னதுலருந்து எனக்குத் தெரியாதா உன்ற சளி? கேட்டா நீ சொல்லிருவியேன்னுதான் கேக்காம இருந்தேன். சொல்லிட்டீன்னா பொறவு நான் வரோணுமே."

மிருது கையை நீட்டி அம்மாவின் தோளில் வைத்தாள். தேற்றவா, தள்ளவா என்று எனக்குப் புரியவில்லை. சென்னியப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னால ஓட்ட முடியாது," என்றாள் துளசி. "அண்ணா, நீ ஓட்டு."

சாவியைப் பின்னால் நீட்டினாள்.

பெட்டிக்கு என் காலும் தெரியும், ஒரு மாதப் பாடம். ஈரோட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. அதற்குள் மிருது திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். 'சித்திரையில வந்தீங்களே மாமா, உங்களுக்குமா தெரியாது?' என்று கேட்டால் போதும்.

"எனக்குக் கண்ணு சரியில்ல துளசி," என்றேன். "வெயில் கூசுது."

வானம் மூடியிருந்தது. தூறல்கூட விழ ஆரம்பித்திருந்தது.

நான் உட்கார்ந்திருந்தது பின்சீட்டில். என் காலுக்கடியில் வெறும் தரை. அதனால் எதுவும் நொண்டவில்லை, எந்தப் பலகையும் எரியவில்லை. ஆனாலும் மிருது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"மாமாவை விடும்மா. நான் ஓட்டறேன்."

அவள் கால் பெட்டிக்குப் புதிது. எது அவளுடைய வழக்கம், எது பதற்றம் என்று அதற்கு இன்னும் தெரியாது. கார் மெதுவாக, எதையும் சந்தேகப்படாமல் நகர்ந்தது. துளசி பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கு இவ்வளவு பேர் பயந்து உட்கார்ந்திருந்த வண்டி அன்று அந்தச் சாலையில் வேறு இருந்திருக்காது.

"மாமா," என்றாள் மிருது, கண்ணாடியில் என்னைப் பார்த்து. "சும்மா வரீங்களே. யானைக் கதை சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். திம்பம் மலைப்பாதை வந்தது. கொண்டை ஊசி வளைவு வந்தது. ஜீப்பும் முத்திரைப் பெட்டியும் வந்தன. யானை வரவில்லை.

ஸ்டியரிங்கைத் திருப்பியபோது மிருதுவின் சட்டைக்கை கொஞ்சம் மேலே ஏறியது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை நான் பார்த்தேன்.